கத்தும் மாடுகளை எண்ணிய பெண்

நம் காதுக்கு மாடு ‘அம்மா’ என்கிறது. அமெரிக்கர் காதுக்கு ‘மூ’. டெம்பிள் கிராண்டினுக்கு அது ஓர் எண்.

இறைச்சிக்கூடத்து வாசலருகே ஒரு தாளும் பேனாவுமாக நின்றுகொள்வார். உள்ளே போகும் மாடுகளில் நூற்றை எண்ணுவார். அவற்றில் எத்தனை கத்தின? மூன்று வரை போகலாம். நான்கு கத்தினால் அந்த ஆலை தேறவில்லை. எத்தனை வழுக்கி விழுந்தன? ஒன்றுக்கு மேல் கூடாது. எத்தனை மாட்டின் மேல் மின்சாரத் தார்க்குச்சி பட்டது? 25-ஐத் தாண்டக் கூடாது. மயக்கத் துப்பாக்கியின் முதல் அடியிலேயே எத்தனை மாடு நினைவிழந்தது? 95-க்குக் குறையக் கூடாது. தொங்கவிட்ட பிறகு நினைவோடு இருந்த மாடு? அதில் சலுகையே கிடையாது. ஒன்று இருந்தாலும் ஆலை தோற்றது.

பார்த்தால் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு பட்டியல் அமெரிக்க இறைச்சித் தொழிலைக் குலுக்கிப் போடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதைத் தயாரித்தவரோ, நான்கு வயதை நெருங்கும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தையாக இருந்தவர். ‘எங்காவது மனநல விடுதியில் சேர்த்துவிடலாம்’ என்று சொந்தத் தகப்பனே சொன்ன குழந்தை.

இறுக்கம் தந்த நிம்மதி

1947 ஆகஸ்ட் 29 அன்று பாஸ்டன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் டெம்பிள். தூக்கினால் உடம்பு விறைத்துக்கொள்ளும், தொட்டால் அலறல். இரண்டு வயதில் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தது ‘மூளைச் சேதம்’ என்று. ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல்தான் மருத்துவ உலகுக்கு விவரித்திருந்தார். ஊர் மருத்துவர்கள்வரை அது இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தபோதும் நல்லபடியாக வரவில்லை. பெற்றவளின் பாசக் குறைவால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அடித்துச் சொல்ல, ஒரு தலைமுறைத் தாய்மார்கள் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றார்கள்.

டெம்பிளின் தாய் யூஸ்டேஷியா தலைகுனியவில்லை. மகளை விடுதிக்கு அனுப்ப மறுத்தார். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். ஓர் ஆயாவை வைத்து, முறை வைத்து ஆடும் விளையாட்டுகளை மணிக்கணக்கில் ஆட வைத்தார். ‘உன் முறை, என் முறை’ என்ற அந்தச் சின்னப் பாடம் எவ்வளவு பெரியது என்று ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பேச்சு வந்தது. மற்றது அவ்வளவு எளிதில் வரவில்லை. பள்ளி மணி, பல்லைத் துளைக்கும் இயந்திரம் மாதிரி காதில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை உடுப்பின் துணி தோலைப் பிறாண்டியது. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசியதால் வகுப்பில் கேலி. 14 வயதில், தன்னை மந்தபுத்தி என்று பழித்த பெண்ணின் மேல் புத்தகத்தை விட்டெறிந்தார், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு நியூ ஹாம்ப்ஷயரில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே குதிரை லாயம் இருந்தது. வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியரும் இருந்தார்.

கதை திரும்பும் இடம் அரிசோனா. கோடை விடுமுறைக்கு அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்தார். மாடுகளுக்கு ஊசி போடும் நாள். இரண்டு பக்கமும் பலகை வைத்த கூண்டுக்குள் ஒவ்வொரு மாடாக நுழையும். கயிற்றை இழுத்தால் பலகைகள் இரண்டும் நெருங்கி வந்து விலாவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மிரண்டு துள்ளிக்கொண்டு வந்த மாடுகளில் சில, அந்த அழுத்தம் பட்டதும் அடங்கி நின்றதை டெம்பிள் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டு, தானே உள்ளே நுழைந்து, பலகையை இழுக்கச் சொன்னார். அரைமணி நேரம்போல உள்ளே இருந்தார். பருவ வயது தொடங்கியதிலிருந்து நெஞ்சைவிட்டு நகராத படபடப்பு, வெளியே வந்த பின்னும் சற்று நேரம் காணாமல் போயிருந்தது.

ஆட்டிசத்துக்கு நம் அகராதிக்காரர்கள் வைத்த பெயர்களில் ஒன்று ‘மதியிறுக்கம்’. இந்தப் பெண்ணுக்கோ இறுக்கம்தான் மருந்தாக இருந்தது.

திரும்பி வந்து தனக்கென மரப்பலகையில் ஒரு கூண்டு செய்துகொண்டார். மனிதர் கட்டிப்பிடித்தால் பேரலை ஒன்று மூழ்கடிப்பதுபோல் இருக்கும். இந்தக் கூண்டில் அழுத்தத்தின் அளவு தன் கையில். உளவியலாளர்கள் பதறினார்கள். அதை எடுத்துப் போடச் சொன்னார்கள். கார்லாக் மட்டும் வேறொன்று சொன்னார்: இது ஏன் உன்னை அமைதிப்படுத்துகிறது என்று தெரிய வேண்டுமானால் அறிவியல் படி, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடு. படிப்பில் நாட்டமில்லாத பெண் நூலகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். பின்னாளில் அந்த அழுத்தத்தைப் பற்றி அவரே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவரைப் பார்க்க வந்த நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ், படுக்கையறையில் இருந்த அந்த இயந்திரத்துக்குள் தானும் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு, சுகமாகத்தான் இருக்கிறது என்று எழுதினார்.

வேலியில் தொங்கிய சட்டை

1970-களின் தொடக்கத்தில் அரிசோனாவின் மாட்டுப் பட்டிகள் ஆண்களின் ராஜ்யம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் முதுகலைப் படிப்புக்காக அங்கே போன டெம்பிளை வாசலிலேயே மறித்தார்கள். ஒருமுறை அவருடைய வண்டியின் மேல் காளை விதைகளை அப்பி வைத்திருந்தார்கள். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விவசாயப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதத் தொடங்கினார். பெண் என்று மறித்த காவலாளிகள், பத்திரிகைக்காரர் என்ற அடையாள அட்டையைக் கண்டதும் வழிவிட்டார்கள். (அந்த அட்டைக்கு அப்படியும் ஒரு மரியாதை இருந்த காலம்.)

உள்ளே போய் அவர் செய்த காரியத்தைப் பார்த்து, கிறுக்கு என்றே முடிவுகட்டினார்கள். ஊசி போடவும் லாரி ஏற்றவும் மாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் குறுகலான சந்து ஒன்று ஒவ்வொரு பட்டியிலும் இருக்கும். மாடுகள் அதில் ஏதோ ஓர் இடத்துக்கு வந்ததும் அடம்பிடித்து நின்றுவிடும். ஆட்கள் கத்துவார்கள், தடியால் தட்டுவார்கள், மின்தார்க்குச்சியை வைப்பார்கள். டெம்பிள் அந்தச் சந்துக்குள் இறங்கி, மாட்டின் கண் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, கேமராவில் படம் எடுத்துக்கொண்டே நடந்தார்.

படங்களில் விடை இருந்தது. வேலியில் யாரோ கழற்றித் தொங்கவிட்ட மேல்சட்டை. காற்றில் ஆடும் ஒரு துண்டுச் சங்கிலி. தரையில் குறுக்கே விழுந்த கம்பி நிழல். தேங்கிய தண்ணீரில் கண்ணாடிபோல மின்னும் விளக்கு. பளீரென்ற வெயிலிலிருந்து திடீரென இருட்டான வாசல். ‘உஸ்’ என்று சீறும் காற்றுக்குழாய். தினமும் அந்த வழியே போகிறவர்களின் கண்ணில் இவற்றில் ஒன்றுகூடப் பட்டதில்லை. மாட்டின் கண்ணில் ஒவ்வொன்றும் பட்டது.

காரணம் உடலிலேயே இருக்கிறது. மாட்டின் கண்கள் முகத்தின் இரு பக்கத்திலும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதையும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் எதிரே கிடப்பது நிழலா பள்ளமா என்பது சட்டென்று பிடிபடாது. இரையாகும் விலங்கு அது. சந்தேகம் வந்தால் நிற்பதுதான் அதற்குப் புத்திசாலித்தனம். அடம் என்று மனிதர்கள் பெயர் வைத்தது பயத்தை. பள்ளி மணிக்கு நடுங்கிய பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டையை எடுத்து வைத்தால் போதும், சங்கிலியைக் கட்டினால் போதும் என்று அவர் சொன்னபோது நம்ப ஆள் இல்லை. இயந்திரம் வாங்கச் சொன்னால் நம்பியிருப்பார்கள். செலவில்லாத யோசனைக்கு எந்தத் தொழிலிலும் மதிப்புக் கொஞ்சம் குறைவுதான்.

இதோடு நடக்கும் கலையும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. அதற்குள் ஆள் நுழைந்தால் மாடு விலகும். அந்த மாட்டின் தோள்பட்டைதான் தராசு முள். தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னால் நின்றால் பின்வாங்கும். அதனால் வரிசையாக நிற்கும் மாடுகளை முன்னே நகர்த்த, ஆள் அவற்றுக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டின் தோளையும் கடக்கக் கடக்க, ஒவ்வொன்றாக முன்னே அடியெடுத்து வைக்கும். பழகிய மேய்ப்பர்கள் சொல்லாமலே செய்துவந்த காரியம் இது. டெம்பிள் அதைப் படம் போட்டு, கோணம் குறித்து, எவரும் கற்றுக்கொள்ளும் பாடமாக்கினார்.

இரண்டு மாடுகளின் சாவு

அவர் பெயர் வெளியே தெரியக் காரணமான வேலைகளில் ஒன்று 1978-இல் வந்தது. அரிசோனாவில் ரெட் ரிவர் என்ற மாட்டுப் பட்டி. நடிகர் ஜான் வெய்னுக்குப் பங்கு உள்ள இடம். சொறிப் பூச்சியை ஒழிக்க மாடுகளை மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டி ஆழமானது, நீந்தித்தான் கரையேற வேண்டும். அதுவரை இருந்த தொட்டிகளில் வழுவழுப்பான உலோகச் சரிவு வழியாக மாட்டைத் தள்ளிவிடுவார்கள். கால் பிடிமானம் இழந்த மாடு வெலவெலத்து, சில நேரம் மல்லாக்க விழுந்து மூழ்கும்.

டெம்பிள் வரைந்த தொட்டியில் சரிவு சிமென்ட். குளம்பு பற்றிக்கொள்ள அதில் ஆழமான பள்ளக் கோடுகள். சரிவின் முடிவில் தண்ணீருக்கு அடியில் அது திடீரென்று முடிந்துவிடும். மாடு தரை இருக்கிறது என்று நம்பி அடுத்த அடி வைக்கும். அமைதியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஆட்கள் நம்பவில்லை. சிமென்டில் மாடு நின்றுகொள்ளும் என்று அதன்மேல் ஓர் உலோகத் தகட்டை விரித்துப் பழைய சரிவாக்கிவிட்டார்கள். முதல் நாளே இரண்டு மாடுகள் மிரண்டு, பின்புறமாகப் புரண்டு மூழ்கிச் செத்தன. தகட்டை எடுத்தபின் மாடுகள் தாமாக நடந்து போய் இறங்குவதைப் பார்த்து வாயடைத்து நின்றார்களாம்.

இத்தனைக்கும் பொறியியல் படித்தவர் இல்லை. கூட வேலை பார்த்த வரைவாளர் ஒருவர் கோடு இழுப்பதை உற்றுப் பார்த்து, அவர் பிடித்த அதே ரகப் பென்சிலை வாங்கி, அதேபோல் வரைந்து கற்றுக்கொண்டவர். ஆனால் வரைபடம் முடிவதற்கு முன்பே அந்தத் தொட்டி அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டை அதில் இறக்கிப் பார்ப்பார், பக்கவாட்டில் நின்று பார்ப்பார், மேலிருந்து பார்ப்பார். சொற்கள் தனக்கு இரண்டாம் மொழி என்றும், படம்தான் தாய்மொழி என்றும் அவர் விளக்குவது உண்டு. அவருடைய புகழ்பெற்ற நூலின் தலைப்பே ‘படங்களில் சிந்தித்தல்’ என்றுதான், 1995-இல் வந்தது.

இறைச்சிக்கூடங்களுக்கு அவர் வரைந்த பாதைகள் வளைந்து போகும். மாடு வந்த வழியே திரும்பிப்போகத்தான் விரும்பும். வளைவில் அதற்குத் திரும்பிப்போகிற உணர்வு கிடைக்கும், முன்னால் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. இரு பக்கமும் மறைப்புச் சுவர். வெளியே நடமாடும் ஆள் கண்ணில் படாது. அதன் முடிவில், மாட்டின் வயிற்றுக்கும் மார்புக்கும் அடியில் தாங்கிச் செல்லும் நகரும் பட்டை. குதிரையில் உட்கார்ந்தது மாதிரி இரு புறமும் கால்கள் தொங்க மாடு அதன்மேல் போகும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும் சோதனையாகச் செய்து பார்த்த யோசனை அது. ஆலைக்கு ஏற்ற சாதனமாக வளர்த்தது டெம்பிள். அதில் ஒரு நுணுக்கம். தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மாடு பயந்துவிடும். ஆகவே பட்டைக்குக் கீழே ஒரு பொய்த்தளம் அமைத்தார். அந்தத் தளத்துக்கு வேறு வேலையே இல்லை. மாட்டின் கண்ணுக்காக மட்டும் போட்ட தளம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறையப் பாதி மாடுகள் இவர் வடிவமைத்த சாதனத்தின் வழியேதான் போகின்றன.

யூதர்களின் மதமுறைப்படி வெட்டும் ஆலைகளில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. நினைவோடு இருக்கும் மாட்டின் ஒரு காலில் சங்கிலி மாட்டித் தலைகீழாகத் தூக்குவார்கள். வெட்டுமுன் விலங்கை நினைவிழக்கச் செய்யச் சொல்லும் 1958-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் மதமுறை வெட்டுக்கு விலக்கு அளித்திருந்தது. அயோவாவில் ஓர் ஆலைக்குள் இதைப் பார்த்துவிட்டு வந்த டெம்பிளுக்குக் கெட்ட கனவுகள் வந்தன. மதத்தை மாற்றச் சொல்லி அவர் யாரிடமும் போகவில்லை. மாடு நின்ற நிலையிலேயே வெட்ட வசதியான பிடிகூண்டுகளை அமைத்துக் கொடுத்தார். கூண்டை இயக்கும் நெம்புகோலைத் தானே பிடித்து, மெல்ல மெல்ல, மாடு உணராத வேகத்தில் நகர்த்திப் பழகினார். அவசரமாக இழுத்தால் மாடு திமிறும். பொறுமையாக இழுத்தால் நிற்கும்.

நெற்றிச் சுழி

மாட்டின் முடிச்சுழியையும் டெம்பிள் ஆராய்ந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். லட்சுமி சுழி, கோபுர சுழி என்றால் விலை ஏறும். முக்கண் சுழி என்றால் வாங்க வந்தவர் பேச்சை மாற்றிவிட்டு நகர்வார்.

1995-இல் டெம்பிளும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் மார்க் டீசிங்கும் மற்றவர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை, மாட்டின் நெற்றிச் சுழியைப் பற்றியது. ஊசிக் கூண்டில் பிடித்து நிறுத்திய நூற்றுக்கணக்கான மாடுகளின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு, நெற்றியில் முடிச்சுழி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் குறித்துக்கொண்டார்கள். கண் மட்டத்துக்கு மேலே சுழி உள்ள மாடுகள், கண் மட்டத்திலோ கீழேயோ சுழி உள்ளவற்றைவிட அதிகமாக மிரண்டன. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே படலத்திலிருந்து உருவாவதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது விளக்கம்.

சந்தைக்காரர் சொல்லும் ராசிக்கும் நஷ்டத்துக்கும் இந்தக் கட்டுரை சான்றிதழ் தரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மாட்டின் சுபாவத்துக்கும் சுழிக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்ற அளவில்தான் பொருத்தம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக மாட்டின் முகத்தை உற்றுப் பார்த்த கண்களை அறிவியல் ஒரு வார்த்தை விசாரித்திருக்கிறது என்பதே நமக்குச் சந்தோஷம்.

மெக்டொனால்ட்ஸ் கணக்குக் கேட்டபோது

சாதனங்களைச் செய்துகொடுத்த இருபது ஆண்டுகளில் டெம்பிளுக்கு ஓர் எரிச்சல் ஊறிக்கொண்டே இருந்தது. நல்ல பாதை கட்டிக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்துப் போனால் ஆட்கள் பழையபடி கத்திக்கொண்டும் தார்க்குச்சி வைத்துக்கொண்டும் இருப்பார்கள். சாதனத்தை விற்பது எளிது, அதை ஒழுங்காக நடத்துவதுதான் கடினம் என்பது அவருக்குப் புரிந்தது. 1991-இல் அமெரிக்க இறைச்சி நிறுவனச் சங்கத்துக்காகக் கால்நடைகளைக் கையாளும் நெறிமுறையை எழுதிக் கொடுத்தார். அது அலமாரியில் தூங்கியது.

1996-இல் அமெரிக்க வேளாண் துறை கேட்டுக்கொண்டபடி ஆலைகளில் ஆய்வு நடத்தினார். மாட்டு ஆலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் முதல் அடியில் 95 விழுக்காட்டு மாடுகளை நினைவிழக்கச் செய்தது. இந்தத் தோல்விக்கு முக்கியக் காரணம் துப்பாக்கியைச் சரியாகப் பராமரிக்காதது. கொடூர மனதும் அல்ல, பணமில்லாததும் அல்ல; துடைத்து எண்ணெய் போட ஆள் இல்லை.

அப்போதுதான் எண்ணுவது என்ற யோசனைக்கு வந்தார். ‘மாட்டைத் தேவையில்லாமல் துன்புறுத்தக் கூடாது’ என்று விதி எழுதினால், எது தேவை, எது துன்பம் என்று ஆளுக்கு ஆள் வாதாடலாம். நூற்றுக்கு எத்தனை மாடு கத்தியது என்றால் வாதமே இல்லை. மாடு சும்மா கத்துவதில்லை என்பதையும் அவர் கணக்கெடுத்துக் காட்டியிருந்தார். ஆலைக்குள் கத்திய மாடுகளில் ஏறக்குறைய எல்லாமே தார்க்குச்சி பட்டவையோ, வழுக்கியவையோ, மயக்க அடி தவறியவையோ, கூண்டு அளவுக்கு மீறி அழுத்தியவையோதான்.

பட்டியல் தயார். அதை மதிக்க வைக்கும் ஆள் வேண்டுமே? அந்த வாய்ப்பு லண்டனிலிருந்து, எதிர்பாராத வழியில் வந்தது. மெக்டொனால்ட்ஸைத் தாக்கித் துண்டறிக்கை விநியோகித்த இருவர்மீது அந்த நிறுவனம் தொடர்ந்த அவதூறு வழக்கில், 1997-இல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் நிறுவனம் வென்றது. ஆனால் சில விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு அதுவும் பொறுப்பு என்று தீர்ப்பில் ஏறிவிட்டது. விலங்குரிமை அமைப்புகள் விடவில்லை. நிறுவனம் டெம்பிளை அழைத்தது.

மேலதிகாரிகளை ஆலைகளுக்குள் கூட்டிப்போனார் டெம்பிள். அதுவரை விலங்கு நலம் என்பது அவர்களுக்குச் சட்டத் துறைக்கோ விளம்பரத் துறைக்கோ தள்ளிவிடும் ஒரு கோப்பு. எலும்பும் தோலுமாய்த் தள்ளாடிய ஒரு கறவை மாடு தங்கள் பர்கருக்குள் போவதை நேரில் கண்ட அதிகாரி ஒருவருக்கு முகம் மாறியதை டெம்பிள் பலமுறை விவரித்திருக்கிறார். 1999-இல் அவர் பயிற்சி கொடுத்த தணிக்கையாளர்கள் பட்டியலோடு புறப்பட்டார்கள். தோற்ற ஆலையிடம் மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சி வாங்காது. வெண்டீஸும் பர்கர் கிங்கும் பின்தொடர்ந்தன.

அந்த ஆண்டுத் தணிக்கையில் பத்தில் ஒன்பது மாட்டு ஆலைகள் முதல் அடித் தேர்வில் தேறின. முந்தைய 25 ஆண்டுகளில் கண்ட மாற்றத்தைவிட அந்த ஓராண்டில் கண்டது அதிகம் என்பது டெம்பிளின் கணிப்பு. எழுபதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் பெரிய செலவில் கட்டுமானத்தை மாற்ற வேண்டியிருந்தவை மிகச் சில. மற்றவற்றில் வழுக்காத தரை, சரியான இடத்தில் ஒரு விளக்கு, ஆட்டம் கொடுத்த தகட்டுக்கு ஒரு திருகு, ஆட்களுக்குப் பயிற்சி. சில இடங்களில் மேலாளரையே மாற்ற வேண்டியிருந்தது.

இதில் லாபமும் உண்டு. மிரண்ட மாட்டின் உடலில் கன்றிப்போன இறைச்சியை வெட்டி எறிய வேண்டும். கருத்த இறைச்சிக்கு விலை குறையும். டெம்பிள் இதை ஆலை முதலாளிகளிடம் சொல்லத் தயங்கியதே இல்லை.

விடாத கேள்வி

மாட்டை இவ்வளவு நேசிக்கிறவர் அதை வெட்டும் இடத்தை எப்படிக் கட்டலாம்? அவர் போகும் ஊர்களில் எல்லாம் எழும் கேள்வி இது. ஆரம்ப காலத்தில் தான் வடிவமைத்த ஓர் ஏற்றப் பாதைக்கு ‘சொர்க்கத்துக்குப் படிக்கட்டு’ என்று அவரே பெயர் வைத்தார். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. சுகமான வழியில் நடத்திப்போனாலும் போகுமிடம் கத்திதானே என்கிறார்கள் விலங்குரிமைப் போராளிகள். ஆனாலும் பீட்டா அமைப்பு 2004-இல் அவருக்கு விருது கொடுத்தது.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர் டெம்பிள், மறைப்பதும் இல்லை. மனிதர் வளர்க்காவிட்டால் இந்த மாடுகள் பிறந்தே இருக்காது, பிறக்க வைத்தவர்கள் நல்ல வாழ்வும் வலியில்லாத சாவும் தரக் கடமைப்பட்டவர்கள் என்பது அவர் நிலை. இந்த வாதத்தை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இறைச்சியே வேண்டாம் என்பவர்களின் உலகம் வரும்வரை தினமும் அந்தச் சந்துக்குள் போகும் மாடுகளுக்காக அவரளவு வேலை செய்தவர் வேறு யார் என்று தேடினால் பெயர் எளிதில் கிடைக்காது.

அறிவியல் உலகிலும் உரசல் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களும் விலங்குகளும் ஒரேபோல் நுணுக்கங்களில் சிந்திக்கிறார்கள் என்று 2005-இல் வந்த நூலில் அவர் எழுதியதை, விலங்கறிவு ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2008-இல் மறுத்து எழுதினார்கள். அதற்கு அவரும் பதில் எழுதினார். ஆட்டிசம் உள்ள எல்லோரும் படங்களில் சிந்திப்பவர்கள் என்ற தன் பழைய கருத்தை அவரே திருத்திக்கொண்டார். கணக்கு ஒழுங்கில் சிந்திப்பவர்கள் உண்டு, சொற்களில் சிந்திப்பவர்களும் உண்டு என்றார். தன் அனுபவமே எல்லோருக்கும் என்று நினைத்தது தவறு என எழுத எத்தனை நிபுணர்களுக்கு மனம் வரும்?

2010-இல் அவர் வாழ்க்கை தொலைக்காட்சிப் படமானது. கிளேர் டேன்ஸ் நடித்த அந்தப் படம் ஏழு எம்மி விருதுகள் பெற்றது. அதே ஆண்டு ‘டைம்’ இதழின் செல்வாக்குமிக்க நூறு பேர் பட்டியலில் இடம். பூவேலை செய்த சட்டையும் கழுத்தில் முடிந்த துணியுமாக அவர் மேடை ஏறினால் கூட்டம் எழுந்து நிற்கிறது. பெற்றோர் கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: பிள்ளைக்கு எது வரவில்லை என்பதையே பார்க்காதீர்கள், எது வருகிறதோ அதைத் தொழிலாக்குங்கள். அந்தப் பழைய மரக் கூண்டு ஒருநாள் பழுதாகி நின்றபோது அவர் சரிசெய்யவில்லை. அதற்குள் மனிதர்களைக் கட்டிப்பிடிக்கப் பழகியிருந்தார்.

எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை. கோழி ஆலைகளுக்கு அவர் போட்ட கணக்கு, இறக்கை. பிடித்துக் கூண்டில் திணிக்கும்போது நூற்றுக்கு எத்தனை கோழிக்கு இறக்கை முறிந்தது என்று எண்ணச் சொன்னார். எண்ணத் தொடங்கிய இடங்களில் அந்தத் தொகை இறங்கியது. ஆனால் மாட்டுக்கும் பன்றிக்கும் ஆட்டுக்கும் உள்ள 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கோழிக்கு இன்றுவரை தரப்படவில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 900 கோடிக்கும் அதிகமான கோழிகள் வெட்டப்படுகின்றன.